வீட்டிலிருந்து பணி: ஊழியரா, ஒப்பந்ததாரரா? பெயர் மாறும்போது கைநழுவும் உரிமைகள்

பெங்களூரு: அதே குழு, அதே மேலாளர், காலை 10 மணிக்கு அதே காணொலிக் கூட்டம், மாத இறுதியில் வங்கிக் கணக்கில் ஒரே தொகை. பணியிடமும் அதே வீட்டு மேசைதான். ஆனால் கையெழுத்திட்ட காகிதத்தின் தலைப்பில் மட்டும் ‘பணி நியமனக் கடிதம்’ என்பதற்குப் பதிலாக ‘ஆலோசகர் ஒப்பந்தம்’ என்று இருக்கிறது. பெங்களூரு தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை தேடும் இளைஞர்கள் சந்திக்கும் இந்தச் சிறு மாற்றம், வருங்கால வைப்பு நிதி முதல் மகப்பேறு விடுப்பு வரை பலவற்றைத் தீர்மானிக்கிறது.

கரோனா காலத்தில் கட்டாயத்தால் வந்த வீட்டிலிருந்து பணி முறையை, பெரிய நிறுவனங்கள் படிப்படியாகச் சுருக்கிவிட்டன. விப்ரோ 2023 நவம்பர் முதல் வாரத்துக்கு 3 நாள்கள் அலுவலக வருகையைக் கட்டாயமாக்கியது. இன்போசிஸ் 2025 மார்ச் முதல் குறிப்பிட்ட நிலை வரையிலான ஊழியர்கள் மாதத்தில் 10 நாள்கள் அலுவலகம் வர வேண்டும் என்றது. முழுக்க வீட்டிலிருந்தே பணியாற்ற விரும்புவோருக்கு ஊழியர் பதவிகள் குறையும்போது, எஞ்சியிருக்கும் வழிகளுள் ஒன்றாக ஒப்பந்தப் பணி மாறுகிறது. இந்தியாவில் அலுவலகமே இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களும் இந்த வழியையே எளிதாகக் கருதுகின்றன.

இந்நிலையில், 29 மத்தியச் சட்டங்களை உள்ளடக்கிய 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்தன. அனைவருக்கும் நியமனக் கடிதம், விலகிய அல்லது நீக்கப்பட்ட 2 வேலை நாள்களுக்குள் ஊதிய பாக்கி, மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதியைக் கணக்கில் கொள்ளும் ‘ஊதியம்’ என்ற புதிய வரையறை ஆகியவை இவற்றின் முக்கிய அம்சங்கள். ஆனால் இவை அனைத்தும் ‘ஊழியர்’ என்ற ஒற்றைச் சொல்லின் மீதே நிற்கின்றன. அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவருக்கு இவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது.

பீடித் தொழிலாளர்கள் வகுத்த பாதை

வீட்டிலிருந்து வேலை செய்பவர் ஊழியராக இருக்க முடியுமா என்ற கேள்வி மடிக்கணினியோடு பிறந்ததல்ல. இந்திய நீதிமன்றங்கள் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பீடி சுற்றியவர்களிடமும் துணி தைத்தவர்களிடமும் எதிர்கொண்டன.

சேலம் பீடித் தொழிலாளர் வழக்கு தமிழக வாசகர்களுக்கு நெருக்கமானது. பீடி நிறுவன உரிமையாளர்கள் புகையிலையும் இலையும் கொடுத்தனர். இடையில் ‘சுதந்திர ஒப்பந்ததாரர்கள்’ எனப்பட்டவர்கள் ஆள்களை வைத்து பீடி சுற்றிக் கொடுத்தனர். எழுத்துப்பூர்வ ஒப்பந்தங்களும் இருந்தன. எனவே தொழிலாளர்களுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று உரிமையாளர்கள் வாதிட்டனர். 1964-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அந்த ஒப்பந்ததாரர்கள் உண்மையில் உரிமையாளர்களின் முகவர்களே என்றும், தொழிலாளர்கள் உரிமையாளர்களின் பணியாளர்களே என்றும் தீர்ப்பளித்தது. காகிதத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி நடைமுறையைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

1973-இல் ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த சில்வர் ஜூபிலி தையலகம் தொடர்பான வழக்கு வந்தது. தையல்காரர்களுக்குத் துண்டுக் கணக்கில்தான் கூலி. வேலை நேரம் கறாராக இல்லை. சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துச் சென்று தைத்தனர். ஆனாலும் அவர்கள் கடையின் ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தையல் இயந்திரங்கள் கடைக்குச் சொந்தமானவை; தையல் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்து மீண்டும் தைக்கச் சொல்லும் அதிகாரம் உரிமையாளரிடம் இருந்தது. இவ்விரண்டும் அத்தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றன.

வீட்டிலேயே பீடி சுற்றுவோர் வருங்கால வைப்பு நிதிக்கு உரியவர்களா என்ற கேள்வி 1985-இல் பி.எம். படேல் அண்டு சன்ஸ் வழக்கில் முடிவானது. தரமற்ற பீடிகளை நிராகரிக்கும் உரிமையே போதிய கட்டுப்பாடு என்று கருதிய உச்ச நீதிமன்றம், வீட்டில் அமர்ந்து வேலை செய்வதால் ஒருவர் ஊழியர் அல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று தெளிவுபடுத்தியது.

தையல் இயந்திரத்தின் இடத்தில் நிறுவனம் அனுப்பி வைக்கும் மடிக்கணினியையும், நிராகரிக்கப்படும் பீடியின் இடத்தில் மூத்த பொறியாளர் திருப்பி அனுப்பும் நிரலையும் வைத்துப் பார்த்தால், பெங்களூரின் ‘ஆலோசகர்’ பலரின் நிலை புரியும்.

எனினும் இந்தப் பாதை ஒரே திசையில் செல்லவில்லை. 1958-இல் மத்தியப் பிரதேச பீடி ஆலை ஒன்று தொடர்பான சிந்தாமன் ராவ் வழக்கில், பீடி செய்து கொடுத்தவர்களைச் சுதந்திர ஒப்பந்ததாரர்கள் என்றே உச்ச நீதிமன்றம் கருதியது. அண்மையில், 2020 ஏப்ரலில், மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய கண் மருத்துவர் தொடர்பான காப்பீட்டு வழக்கில், அவர் ஊழியர் அல்ல, தொழில்முறைச் சேவை அளித்தவர் என்று நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் தலைமையிலான அமர்வு முடிவு செய்தது. இதற்கு ஒரே அளவுகோல் கிடையாது, பல அம்சங்களைச் சேர்த்து எடைபோட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. உயர் திறனும் பேரம் பேசும் வலிமையும் கொண்ட ஒருவரைப் பீடித் தொழிலாளியோடு அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது என்பதை மென்பொருள் பொறியாளர்கள் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.

இரு பக்கமும் ஒரே எதிர்பார்ப்பு

2022-ஆம் ஆண்டு ‘மூன்லைட்டிங்’ சர்ச்சை இந்தக் கேள்வியின் மறுபக்கத்தைக் காட்டியது. வீட்டிலிருந்து பணியாற்றிய ஊழியர்கள் வேறு நிறுவனங்களுக்கும் வேலை செய்வது பற்றிய விவாதத்தில், அது அப்பட்டமான ஏமாற்று வேலை என்று விப்ரோ செயல் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி அந்த ஆண்டு ஆகஸ்டில் சமூக ஊடகத்தில் பதிவிட்டார். போட்டி நிறுவனங்களுக்குப் பணியாற்றியதாகக் கண்டறியப்பட்ட 300 பேர் நீக்கப்பட்டதாக அடுத்த மாதம் தெரிவித்தார். இன்போசிஸ் முதலில் எச்சரிக்கை விடுத்தாலும், முன் அனுமதியுடன் சில வெளிப் பணிகளை ஏற்கலாம் என்று அக்டோபரில் நெகிழ்ந்தது. அதே ஆகஸ்டில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்விக்கி, நிபந்தனைகளுடன் இதை வெளிப்படையாகவே அனுமதித்தது.

ஊழியரிடம் முழு விசுவாசத்தை எதிர்பார்க்கும் நிறுவனத்தின் நிலைப்பாட்டில் ஒரு நியாயம் உண்டு: அதற்கு ஈடாக அது வைப்பு நிதியும் விடுப்பும் பணிக்கொடையும் தருகிறது. சிக்கல் எழுவது, இவை எதையும் தராமல் அதே விசுவாசத்தைக் கேட்கும் ஒப்பந்தங்களில்தான். ‘ஆலோசகர் வேறு எந்த நிறுவனத்துக்கும் பணியாற்றக் கூடாது’ என்ற ஷரத்தும், ‘இவர் ஊழியர் அல்ல’ என்ற ஷரத்தும் ஒரே ஒப்பந்தத்தில் அடுத்தடுத்து இடம்பெறுவது, சட்டப்படி பார்த்தால் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் ஆவணம். உண்மையான சுதந்திர ஒப்பந்ததாரருக்குப் பல வாடிக்கையாளர்கள் இருக்கலாம். வேலையை வேறொருவரை வைத்தும் முடித்துக் கொடுக்கலாம். எந்த நேரத்தில் அமர்ந்து வேலை செய்கிறார் என்பது அவரது விருப்பம். விடுப்புக்கு மேலாளரின் அனுமதி தேவைப்படும் ‘ஒப்பந்ததாரர்’, சொல்லில் மட்டுமே ஒப்பந்ததாரர்.

வரிக் கணக்கின் கவர்ச்சி

அப்படியிருந்தும் பலர் விரும்பியே இந்தப் பக்கம் வருவதற்கு வருமான வரி ஒரு முக்கியக் காரணம்.

ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் பெறும் இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஊழியர். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக 17.25 லட்சத்துக்கு அவர் செலுத்த வேண்டிய வரி, கூடுதல் தீர்வையுடன் சேர்த்து சுமார் 1,50,800 ரூபாய். மற்றவர் தகவல் தொழில்நுட்ப ஆலோசகர். குறிப்பிட்ட தொழில்முறையாளர்களுக்கான உத்தேச வருமானத் திட்டத்தின் கீழ், பெற்ற தொகையில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்ட அவருக்கு வழி உண்டு. வருமானம் 9 லட்சம் ஆகிறது. 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் அவர் செலுத்த வேண்டிய வரி பூஜ்யம். நிறுவனம் முன்கூட்டியே பிடித்த 10 சதவீத டிடிஎஸ் தொகையும் கணக்குத் தாக்கல் செய்த பிறகு திரும்பி வரும்.

ஒன்றரை லட்சம் சிறிய தொகையல்ல. ஆனால் தராசின் மறுதட்டிலும் எடை இருக்கிறது. 18 லட்சத்தில் பாதியான 9 லட்சத்தைச் சட்டப்படியான ‘ஊதியம்’ என்று கொண்டால், ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் சேரும் பணிக்கொடை மட்டும் சுமார் 43,000 ரூபாய். அந்த ஊதியம் முழுவதற்கும் நிறுவனம் 12 சதவீத வைப்பு நிதி செலுத்தினால் 1,08,000 ரூபாய் (15,000 ரூபாய் உச்சவரம்பின்படி செலுத்தினால் 21,600 ரூபாய்தான்). ஊதியத்துடன் கூடிய விடுப்பு, குழு மருத்துவக் காப்பீடு ஆகியவை தனி. நிறுவனங்கள் இவற்றில் சிலவற்றை ‘மொத்த ஊதியச் செலவு’ என்ற கணக்குக்குள்ளேயே அடக்கிக் காட்டுவதும் உண்டு என்பதால், இரண்டு வாய்ப்புகளையும் ஒப்பிடுவோர் தொகையின் உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரங்கள், அதாவது அரை ஆண்டு ஊதியம். பணியின் தன்மை அனுமதித்தால், விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து பணியாற்றுவது பற்றி நிறுவனத்துடன் பேசி முடிவு செய்யவும் அதே திருத்தம் இடமளித்தது. குழந்தைக்காகவே வீட்டிலிருந்து பணியைத் தேர்ந்தெடுத்து, அதற்காக ஊழியர் என்ற நிலையை விட்டுக்கொடுக்கும் பெண், அந்தக் குழந்தைக்கான சட்டப் பாதுகாப்பையே கைவிட நேர்கிறது.

உடனே கண்ணில் படாத இன்னொரு விளைவும் உண்டு. வரிக்காக 9 லட்சம் என்று காட்டியவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, வங்கி பார்ப்பதும் அந்த 9 லட்சத்தைத்தான். ஊழியரிடம் சில மாத ஊதியச் சீட்டு கேட்கும் வங்கிகள், சுயதொழில் செய்பவரிடம் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்கின்றன. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வரும் தொகையும் அந்தக் கணக்கில் சேரும்.

எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

ஒப்பந்ததாரருக்குச் சட்டம் தரும் சாதகங்களும் உண்டு. பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தமது பணியின்போது எழுதும் நிரலின் முதல் உரிமையாளர் நிறுவனம். சுதந்திர ஒப்பந்ததாரர் எழுதினால், எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராத வரை உரிமை அவரிடமே இருக்கும். மாற்றித் தரும் ஆவணத்தில் காலமும் நிலப்பரப்பும் குறிப்பிடப்படாவிட்டால், அந்த உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும். எனவேதான் ஆலோசகர் ஒப்பந்தங்களில் இந்தப் பகுதி மட்டும் பல பக்கங்களுக்கு நீள்கிறது. பேரம் பேச இடமுள்ள பகுதியும் இதுவே.

தொகை வராமல் இழுத்தடிக்கப்பட்டால், ‘உத்யம்’ தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்ட ஒப்பந்ததாரர் மாநிலக் குறு, சிறு தொழில் வசதியாக்கக் குழுவை அணுகலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பணியைத் தொடங்கும் முன்பே பதிவு செய்திருப்பது பாதுகாப்பானது. இந்திய நிறுவனங்களிடம் இது வலுவான ஆயுதம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இதைப் பயன்படுத்துவது கடினம்.

உணவு விநியோகிப்பவருக்கு உண்டு, பொறியாளருக்கு?

கர்நாடக அரசு 2025-இல் செயலி வழிப் பணியாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு மற்றும் நலச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வாடகை வாகனம், உணவு விநியோகம் போன்ற சேவைகளுடன் தொழில்முறைச் சேவைகள், ஊடக உள்ளடக்கச் சேவைகள் ஆகியவையும் இதன் பட்டியலில் உள்ளன. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் பணியாளருக்குத் தரப்படும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்கான கட்டணமாக நிறுவனங்களிடம் வசூலிக்க வழி செய்யப்பட்டுள்ளது. பணியாளரை நீக்க, காரணம் கூறி 14 நாள்கள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகிறது.

நாட்டில் 2020-21-இல் 77 லட்சமாக இருந்த கிக் பணியாளர் எண்ணிக்கை 2029-30-இல் 2.35 கோடியாக உயரும் என்று நீதி ஆயோக் 2022-இல் மதிப்பிட்டது. அப்பணிகளில் சுமார் 22 சதவீதம் உயர் திறன் சார்ந்தவை என்றும் அந்த அறிக்கை கூறியது. ஆனால் செயலி எதுவும் இல்லாமல் ஒரு நிறுவனத்துடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டு வீட்டிலிருந்து நிரல் எழுதுபவர் கர்நாடகச் சட்டத்துக்குள் வர மாட்டார். அதாவது, கோரமங்களாவில் உணவுப் பொட்டலம் கொண்டு செல்பவருக்குச் சட்டம் 14 நாள் முன்னறிவிப்பை உறுதி செய்கிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் ஆலோசகருக்கு எத்தனை நாள் என்பதை அவரது ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும்.

மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘வீடு சார்ந்த தொழிலாளர்’ என்ற வரையறை இருக்கிறது. வேலை அளிப்பவரின் இடத்தில் அல்லாமல், தமது வீட்டிலோ தாம் தேர்ந்த இடத்திலோ கூலிக்காகப் பொருள் அல்லது சேவையை உருவாக்குபவர் என்பது அதன் பொருள். சொற்களை மட்டும் பார்த்தால் மென்பொருள் ஆலோசகரும் இதற்குள் பொருந்துவார். ஆனால் இவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அரசு அறிவிக்கும் நலத் திட்டங்களுக்கு உரியவர்களே தவிர, ஊழியருக்கான உரிமைகள் தாமாக வந்து சேராது. வீட்டு வேலை தொடர்பாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் நிறைவேற்றிய 177-ஆவது உடன்படிக்கையையும் இந்தியா இதுவரை ஏற்கவில்லை.

பெயர் என்னவாக இருந்தாலும் பாதுகாப்புத் தரும் சட்டங்களும் உள்ளன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, தற்காலிக மற்றும் ஒப்பந்தப் பணியாளர்களையும் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. அந்தச் சட்டத்தை முன்வைத்துத்தான் ஓலா வழக்கு பெங்களூரில் எழுந்தது. ஓட்டுநர்கள் சுதந்திர ஒப்பந்ததாரர்கள் என்ற நிறுவனத்தின் வாதத்தை ஏற்க மறுத்து, இச்சட்டத்தின் நோக்கில் அவர்கள் ஊழியர்களே என்று கர்நாடக உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அடுத்த மாதமே அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரே வார இடைவெளியில் நீதிமன்றமே இரு திசையில் நிற்கும் அளவுக்கு இந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

யார் தீர்மானிப்பது?

பிரிட்டனில் இதே சிக்கலுக்கு ‘ஐஆர்35’ என்ற வரி விதி 2000-ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது. இடையில் ஒரு சொந்த நிறுவனத்தை வைத்துக்கொண்டு பணியாற்றும் ஒப்பந்ததாரர் உண்மையில் ஊழியர்தானா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, 2021 ஏப்ரல் முதல், வேலை வாங்கும் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டது. தவறாக வகைப்படுத்தினால் வரிச் சுமை நிறுவனத்தின் மீது விழலாம். கலிஃபோர்னியா 2020 முதல், ஒருவர் ஊழியர் அல்ல என்பதை நிறுவனமே மூன்று நிபந்தனைகளின்படி நிரூபிக்க வேண்டும் என்று பொதுவாக வகுத்தது.

இந்தியாவில் அப்படியொரு முன்கூட்டிய சோதனை கிடையாது. பணி சுமுகமாக நடக்கும் வரை யாரும் கேள்வி கேட்பதில்லை. வேலை போன பிறகோ, பாக்கி நின்ற பிறகோதான் கேள்வி எழுகிறது. எழுப்ப வேண்டியவர் ஏற்கெனவே வருமானத்தை இழந்தவராக இருக்கிறார். மதுரையிலோ கோவையிலோ வீட்டிலிருந்து பணியாற்றியவர் வழக்குத் தொடர பெங்களூரு வர நேரிடலாம். பணி ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட ஊர் நீதிமன்றத்துக்கு மட்டும் அதிகாரம் தரும் ஷரத்து செல்லும் என்று 2025 ஏப்ரலில் ஹெச்டிஎஃப்சி வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

நிறுவனங்களுக்கு நெகிழ்வுத்தன்மைதான் தேவை என்றால் அதற்கான வழி புதிய சட்டத் தொகுப்புகளிலேயே இருக்கிறது. குறித்த கால ஊழியரை ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ நியமிக்கலாம். அவருக்கு நிரந்தர ஊழியருக்கு இணையான சலுகைகள் உண்டு. ஓராண்டு பணி முடித்தாலே விகிதாசாரப் பணிக்கொடையும் உண்டு. காலம் முடிந்ததும் பணி தானாக முடிவுக்கு வரும். முழு நேரமும் ஒரே நிறுவனத்துக்குப் பணியாற்றப் போகும் ஒருவர், ஆலோசகர் ஒப்பந்தத்துக்குப் பதிலாக இதை ஏன் தரக் கூடாது என்று கேட்பதில் தவறில்லை. அதற்குக் கிடைக்கும் பதிலே நிறுவனத்தின் நோக்கத்தை ஓரளவு காட்டிவிடும்.

தகராறு என்று வந்தால் அதிகாரிகளும் நீதிமன்றங்களும் தேடுவது நடைமுறைக்கான சான்றுகளை. விடுப்பு கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், வேலை நேரத்தை வரையறுத்த குறுஞ்செய்தி, வருகைப் பதிவு, மேலாளர் அளித்த ஆண்டு மதிப்பீடு ஆகியவை ஒப்பந்தத்தின் தலைப்பை விட வலுவாகப் பேசும். இவற்றில் பெரும்பகுதி நிறுவனத்தின் மடிக்கணினியிலும் அதன் மின்னஞ்சல் கணக்கிலும்தான் இருக்கிறது. ஒப்பந்தம் முறிக்கப்படும் நாளில் முதலில் முடக்கப்படுவதும் அந்தக் கணக்குதான்.